கோச்சிங்கும் ஆலோசனைப் பணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனங்களுக்கு ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய பிறகு கோச்சிங் பயின்று, இப்போது இரண்டு பணிகளையும் தனித்தனி ஒப்பந்தங்களின் கீழ் செய்து வருகிறேன். உதவி தேடி வருபவர்களில் பலர் இந்த இரண்டில் தமக்கு எது வேண்டும் என்று தெரியாமல்தான் வருகிறார்கள். தவறானதைத் தேர்ந்துவிட்டால் பணமும் காலமும் போவதோடு, இனி எவரிடமும் உதவி கேட்கக் கூடாது என்ற கசப்பும் மிஞ்சிவிடுகிறது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கோச்சிங்குக்கும் ஆலோசனைப் பணிக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

உங்களுக்குத் தேவையான பதில் யாரிடம் இருக்கிறது என்ற இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. உங்களிடம் இல்லாத ஓர் அறிவு ஆலோசகரிடம் இருக்கிறது என்பதால் அவரை அழைக்கிறீர்கள். அவர் நிலைமையை ஆராய்ந்து, காரணத்தைக் கண்டறிந்து, என்ன செய்ய வேண்டும் என்று பரிந்துரைக்கிறார். அந்தப் பரிந்துரை தகுதியானதாக இருப்பதற்கு அவரே பொறுப்பு. முடிவெடுக்கத் தேவையானவை பெரும்பாலும் உங்களிடமே இருந்தும் அவற்றைத் தெளிவாகப் பார்க்கவோ, பார்த்ததைச் செயலாக்கவோ இயலாதபோது கோச்சை நாடுகிறீர்கள். அவர் கேள்வி கேட்கிறார், உன்னிப்பாகக் கவனிக்கிறார், கவனித்ததை உங்களிடமே சொல்கிறார். உரையாடல் நேர்மையாகவும் ஆழமாகவும் நடப்பதற்கு அவர் பொறுப்பு. எடுக்கும் முடிவுக்கு நீங்கள் பொறுப்பு.

இதிலிருந்து இன்னொரு வேறுபாடும் பிறக்கிறது. ஆலோசகரின் பார்வை முதலில் சிக்கலின் மேல் விழுகிறது. கோச்சின் பார்வை அந்தச் சிக்கலைச் சுமந்து நிற்கும் மனிதரின் மேல் விழுகிறது. பணி முடிந்து ஆலோசகர் விடைபெறும்போது ஓர் அறிக்கையோ, ஒரு திட்டமோ, திருத்தியமைக்கப்பட்ட ஒரு நடைமுறையோ மேசையில் இருக்கும். கோச் விடைபெறும்போது மேசையில் எதுவும் இருக்காது. அதே வகைச் சிக்கல் மறுபடி வரும்போது அந்த மனிதர் அதை எப்படி எதிர்கொள்கிறார் என்பதில்தான் அவருடைய பணி தெரியும்.

கோச்சிங் என்பது தேர்வுக்கு ஆயத்தப்படுத்துவது அல்லவா?

தமிழில் அந்தச் சொல் அப்படித்தான் பழகியிருக்கிறது. வரலாற்றின்படி அதில் பிழையும் இல்லை. ஹங்கேரியில் கோச் என்றே உச்சரிக்கப்படும் ஓர் ஊரில் செய்யப்பட்ட குதிரை வண்டிக்கு அந்த ஊரின் பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பல்கலைக்கழக மாணவர்கள், வண்டியைப் போலத் தம்மைச் சுமந்து தேர்வைத் தாண்ட உதவும் தனி ஆசிரியரை அதே சொல்லால் குறிப்பிட்டார்கள். அந்த நூற்றாண்டிலேயே அது விளையாட்டுப் பயிற்சியாளருக்கும் வழங்கலாயிற்று. ஆனால் தேர்வுக்குப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் விடை தெரிந்தவர். அந்த வகையில் அவர் இங்கே நாம் பேசும் கோச்சைவிட ஆலோசகருக்கே நெருக்கமானவர்.

மறுபக்கத்திலும் இதே குழப்பம் உண்டு. ‘கன்சல்டன்சி’ என்றதும் வேலைக்கு ஆள் எடுத்துத் தரும் நிறுவனத்தையும், ‘ஆலோசகர்’ என்றதும் மனநல ஆலோசகரையும் நினைப்பவர்கள் பலர். இங்கே ஆலோசகர் என்று நான் எழுதுவது, ஒரு நிறுவனத்தின் அல்லது தொழிலின் குறிப்பிட்ட சிக்கலுக்குத் தம் துறை அறிவைக் கொண்டு தீர்வு சொல்லும் கன்சல்டன்டை மட்டுமே.

இரண்டு தொழில்களும் எப்படித் தோன்றின?

தோன்றிய விதத்தைப் பார்த்தால் இவற்றின் குணம் ஏன் இவ்வளவு மாறுபடுகிறது என்பது புரியும். ஆலோசனைப் பணி ஆய்வகத்திலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் கணக்குப் புத்தகத்திலிருந்தும் வந்தது. ஆர்தர் டி. லிட்டில் என்ற வேதியியலாளர் 1886-இல் பாஸ்டனில் தொடங்கிய நிறுவனம், இத்துறையின் மிகப் பழைய நிறுவனங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு வேலையையும் கடிகாரம் வைத்து அளந்து, அதைச் செய்யச் சிறந்த ஒரே முறையைக் கண்டறியலாம் என்று நம்பிய பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1911-இல் தம் கோட்பாட்டை நூலாக வெளியிட்டார். 1926-இல் நிறுவனம் தொடங்கிய ஜேம்ஸ் மெக்கின்சி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியராக இருந்தவர். அளந்து பார்த்தால் காரணம் தெரியும், காரணம் தெரிந்தால் தீர்வு சொல்லலாம் என்ற நம்பிக்கை அன்று முதல் இந்தத் தொழிலின் முதுகெலும்பாக இருக்கிறது.

கோச்சிங் விளையாட்டுத் திடலிலிருந்தும் உளவியலிலிருந்தும் வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக டென்னிஸ் அணிக்குத் தலைமை வகித்த டிமோத்தி கால்வே, ஆட்டக்காரருக்கு எதிர்ப்பக்கம் நிற்பவரைவிடத் தம் தலைக்குள்ளே பேசிக்கொண்டிருக்கும் எதிராளியே பெரிய தடை என்று 1974-இல் எழுதினார். மட்டையை இப்படிப் பிடி, அப்படி வீசு என்று அறிவுரைகளைக் குவிப்பதற்குப் பதிலாக, பந்தின் மேல் உள்ள தையல் எப்படிச் சுழல்கிறது என்று கவனிக்கச் சொன்னால் ஆட்டம் தானாகத் திருந்துவதை அவர் கண்டார். கார்ப் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் இந்த அணுகுமுறையை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். இலக்கு, இன்றைய நிலவரம், முன்னுள்ள வழிகள், செய்யப்போவது என்ற நான்கு படிகளில் உரையாடலை நடத்தும், அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளால் ‘குரோ’ (GROW) எனப்படும் முறை, 1992-இல் வெளிவந்த அவருடைய நூலின் வழியாகத்தான் பரவலாயிற்று. நிதித் திட்டமிடல் துறையிலிருந்து வந்த தாமஸ் லியோனார்டு 1995-இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு இன்று இத்துறையின் முதன்மையான சான்றளிப்பு அமைப்புகளில் ஒன்று.

ஒரே சிக்கலை இருவரும் எப்படி அணுகுவார்கள்?

நடக்கக்கூடிய ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனத்தில் ஓராண்டுக்குள் மூன்று துறைத் தலைவர்கள் விலகிவிடுகிறார்கள்; நிறுவனர் உதவி தேடுகிறார்.

ஆலோசகர் வந்தால், விலகியவர்களிடம் பேசுவார், சம்பளத்தைச் சந்தை நிலவரத்தோடு ஒப்பிடுவார், கடந்த ஆறு மாதங்களில் எந்த முடிவு யாருடைய கையெழுத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தது என்று கோப்புகளைப் புரட்டுவார். சம்பளம் காரணம் இல்லை, சிறிய செலவுக்குக்கூட நிறுவனரின் ஒப்புதல் தேவைப்பட்டதால் துறைத் தலைவர்கள் பெயருக்குத்தான் தலைவர்களாக இருந்தார்கள் என்பதைக் கண்டறிவார். யார் எந்த அளவு வரை தாமே முடிவெடுக்கலாம் என்று ஓர் அதிகாரப் பகிர்வுப் பட்டியலைத் தயாரித்துக் கொடுப்பார். இது பயனுள்ள, நேர்மையான வேலை.

கோச்சிடம் வந்தால் அதே நிறுவனர், “எனக்கு நம்பகமான ஆட்களே கிடைப்பதில்லை” என்று தொடங்கக்கூடும். கோச் கோப்புகளைப் பார்க்க மாட்டார். “ஒருவரை நம்பலாம் என்று நீங்கள் எப்போது முடிவு செய்வீர்கள்?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு உடனே பதில் வராது. வராதபோது கோச் அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்படவும் மாட்டார். பல ஆண்டுகளுக்கு முன்பு தாம் முழுமையாக நம்பி ஒப்படைத்த ஒரு பொறுப்பு எப்படிப் பாழாயிற்று என்பதையும், அன்றைக்குப் பிறகு எதையும் தம் கையை விட்டு அகலவிடவில்லை என்பதையும் இரண்டாவது அல்லது மூன்றாவது சந்திப்பில் நிறுவனர் தாமே சொல்லக் கேட்பார். பிறகு, ஒரே ஒரு பொறுப்பை முப்பது நாள்களுக்கு எட்டிப்பார்க்காமல் விட்டுவைப்பது என்று அவரே தீர்மானிப்பார். அந்த நாள்களில் தமக்குள் என்ன நடந்தது என்பதை அடுத்த சந்திப்புக்குக் கொண்டுவருவார்.

இவற்றில் எது சரி என்று கேட்டால், ஒவ்வொன்றும் தனியே நின்று தோற்கக்கூடும் என்றே சொல்வேன். அதிகாரப் பகிர்வுப் பட்டியலில் கையெழுத்திட்டுவிட்டு, அன்று மாலையே ஒவ்வொரு துறைத் தலைவரையும் தொலைபேசியில் அழைத்து விவரம் கேட்ட நிறுவனர்களை நான் பார்த்திருக்கிறேன். மனம் மாறிய பிறகும் அதை ஒரு விதியாக எழுதிவைக்காததால், கீழே இருப்பவர்கள் நம்ப மறுத்த நிறுவனங்களையும் பார்த்திருக்கிறேன்.

பதில் தெரிந்திருந்தும் கோச் அதைச் சொல்லாமல் இருப்பது நேர்மையா?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஏனென்றால் கோச்சாகத் தொடங்கிய காலத்தில் என்னை மிகவும் வதைத்த கேள்வி இதுதான். அப்போது என்னிடம் வந்த ஒருவர், தம் குழுவில் இருவருக்கிடையே ஓயாத பூசல் என்றார். ஆலோசகராக அத்தகைய பூசல்களைப் பலமுறை தீர்த்துவைத்தவன் என்பதால், பத்து நிமிடத்துக்குள் வேலைப் பங்கீட்டை எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் நன்றியோடு குறிப்பெடுத்துக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து, “உங்கள் யோசனை பலிக்கவில்லை” என்றார். அந்த ‘உங்கள்’ என்ற சொல்லில் என் தவறு முழுவதும் இருந்தது. யோசனை என்னுடையதாக இருந்ததால் அதில் முதல் இடறல் வந்தபோதே கைவிடுவது அவருக்கு எளிதாயிற்று. தாமே கண்டடைந்ததாக இருந்தால் அதைத் திருத்திப் பார்த்திருப்பார். அதைவிடக் கனமான இன்னொன்றும் இருந்தது: அந்த இருவரில் ஒருவரோடு நேருக்கு நேர் பேச அவர் அஞ்சினார் என்பதை, நான் பேசிக்கொண்டே இருந்ததால் கேட்கவே இல்லை.

ஆகவே கோச் பதிலை மறைப்பதில்லை. தம் பதில் முழுமையானது என்ற எண்ணத்தைத்தான் ஒதுக்கிவைக்கிறார். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. எதிரே இருப்பவர் அறியாத சட்ட ஆபத்தோ, பாதுகாப்புக் குறையோ, தவறவிடக் கூடாத ஒரு காலக்கெடுவோ கோச்சுக்குத் தெரிந்திருந்தால், “இப்போது கோச்சாகப் பேசவில்லை” என்று முன்கூறிவிட்டு அதை நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். தெரிந்த தகவலைக் கேள்வியாக மடித்து நீட்டுவது கோச்சிங் ஆகாது. “கணக்காளரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?” என்பது வினாக்குறி போட்ட அறிவுரை, எதிரே இருப்பவர் அதை உடனே உணர்ந்துகொள்வார்.

கோச்சுக்கு என் துறையைப் பற்றிய அறிவு தேவையில்லையா?

தேவையில்லை என்பதே கோச்சிங் துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே, தேர்ந்த நிலையை அடைந்த பிறகும் தமக்கு ஒரு கோச் வேண்டும் என்று தீர்மானித்து, தமக்குக் கற்பித்த ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் ஒருவரை அறுவை அரங்குக்கு அழைத்ததைப் பற்றி 2011-இல் எழுதினார். வந்தவர் ஓரமாக நின்று கவனித்துக் குறிப்பெடுத்தார். கவாண்டேயின் முழங்கை சில நேரங்களில் தோள் மட்டத்துக்கு உயர்வதையும், விளக்கொளி அறுவை நடக்கும் இடத்தை விட்டு விலகிப்போனதையும் அவர் சுட்டிக்காட்டினார். அறுவை மருத்துவத்தை அறியாத ஒருவரால் இவற்றைப் பார்த்திருக்க முடியாது.

கைத்திறன் சார்ந்த பணிகளில் துறை அறிவு கோச்சின் கண்ணைக் கூர்மையாக்குகிறது என்பதற்கு இது நல்ல சான்று. தலைமைப் பொறுப்பு, உறவுகள், தயக்கங்கள், வாழ்க்கைப் பாதை போன்றவற்றில் நிலைமை வேறு. அங்கே துறை அறிவு அதிகமாக உள்ள கோச், எதிரே இருப்பவர் சொல்லி முடிக்கும் முன்பே ‘இது எனக்குத் தெரிந்த கதை’ என்று எண்ணிவிடும் ஆபத்து இருக்கிறது. ஆலோசகருக்கோ துறை அறிவு இல்லையென்றால் விற்பதற்கு எதுவுமே இல்லை.

எல்லா ஆலோசகர்களும் தீர்வைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தானா?

இல்லை. நிறுவன உளவியல் அறிஞர் எட்கர் ஷைன் 1969-இல் வெளியிட்ட நூலின் வழியாக, ஆலோசனைப் பணியிலேயே வேறொரு வகையைத் தெளிவாக வகுத்துக் காட்டினார். வாடிக்கையாளர் தமக்கு வேண்டிய நிபுணத்துவத்தை விலைக்கு வாங்குவது ஒரு வகை. நோயாளி மருத்துவரிடம் போவதுபோல நோயறிதலையும் சேர்த்து ஆலோசகரிடம் ஒப்படைப்பது இன்னொரு வகை. வாடிக்கையாளர் தம் சிக்கலைத் தாமே கண்டறியும் வழிமுறைக்கு ஆலோசகர் துணைநிற்பது மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வகைக்கும் கோச்சிங்குக்கும் இடையே உள்ள வேலி மிகத் தாழ்வானது. முதல் இரண்டு வகைகளும் தோற்பதற்கு ஷைன் காட்டிய காரணம் இன்றும் பொருந்துகிறது: தமக்கு என்ன தேவை என்பதை வாடிக்கையாளர் தொடக்கத்திலேயே சரியாக அறிந்திருக்க வேண்டும் என்று முதல் வகை எதிர்பார்க்கிறது, நோயாளி உண்மையைச் சொல்வார், மருந்தையும் உண்பார் என்று இரண்டாவது வகை எதிர்பார்க்கிறது.

எனக்கு எது தேவை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஓர் எளிய சோதனை உண்டு. சரியான பதிலை நாளைக் காலை ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் சிக்கல் தீர்ந்துவிடுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். தீர்ந்துவிடும் என்றால் ஆலோசகரிடம் போங்கள். புதிய மென்பொருளைத் தேர்வு செய்வது, கிடங்கை மறுசீரமைப்பது, அறியாத சந்தையில் நுழைவது, வரி விதியைப் புரிந்துகொள்வது ஆகியவற்றுக்குக் கோச்சிடம் போய் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்குவதாகும்.

பதில் கையில் வந்த பிறகும் நீங்கள் அதைச் செய்ய மாட்டீர்கள் என்று உள்ளூரத் தெரிந்தால், அல்லது அந்தப் பதிலை ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் சொல்லிவிட்டார்கள் என்றால், இன்னோர் ஆலோசகர் உங்களுக்கு உதவ மாட்டார். பொறுப்பு உயர்ந்த பிறகும் பழைய பொறுப்பின் வேலைகளையே செய்துகொண்டிருப்பவர், கடினமான உரையாடலை மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர், இரண்டு நல்ல வழிகளுக்கிடையே முடிவெடுக்க முடியாமல் நிற்பவர் ஆகியோருக்குக் கோச்சிங் பொருந்தும்.

ஒருவரே இரண்டு பணிகளையும் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எந்த நேரத்தில் எதைச் செய்கிறார் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கோச்சிங், ஆலோசனைப் பணி, உளவியல் சிகிச்சை ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாட்டைக் காப்பது கோச்சின் அடிப்படைத் திறன்களில் ஒன்று என்று சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு வகுத்திருக்கிறது. என் வழக்கம், ஒரே நிறுவனத்துக்கு இரண்டும் தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் ஏற்று மற்றதற்கு வேறொருவரைப் பரிந்துரைப்பது. காலையில் உங்கள் துறையின் குறைகளை அறிக்கையாக எழுதித் தலைமைக்கு அனுப்பிய மனிதரிடம், மாலையில் உங்கள் அச்சங்களை மனம் திறந்து பேச உங்களால் முடியாது.

மென்டரிங், மனநல ஆலோசனை ஆகியவை இவற்றிலிருந்து எப்படி வேறுபடுகின்றன?

மென்டர் நீங்கள் போக விரும்பும் பாதையில் ஏற்கெனவே நடந்தவர். தம் அனுபவத்தைப் பகிர்வதே அவர் பணி. மனநல ஆலோசகரும் சிகிச்சையாளரும் துயரத்தையும் நோயையும் கையாளப் பயிற்சி பெற்றவர்கள். உறக்கமின்மை, தொடர்ந்த நம்பிக்கையிழப்பு, உயிர் வாழ்வதில் விருப்பமின்மை ஆகியவை பேச்சில் வெளிப்பட்டால், கோச் உரையாடலை அங்கேயே நிறுத்தி உரிய மருத்துவ உதவிக்கு வழிகாட்ட வேண்டும். இதில் தயக்கத்துக்கு இடமே இல்லை.

நிறுவனம் கட்டணம் செலுத்தினால், நான் கோச்சிடம் பேசுவது மேலாளருக்குப் போகுமா?

போகக் கூடாது, ஆனால் அதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளாமல் பேசத் தொடங்காதீர்கள். ஆலோசகரின் வாடிக்கையாளர் நிறுவனம்தான். அவர் கண்டறிந்தவற்றை நிறுவனத்திடம் சொல்வதற்குத்தான் வருகிறார், அதில் மறைவு எதுவும் இல்லை. கோச்சிங்கில் கட்டணம் செலுத்துபவர் ஒருவர், எதிரே அமர்பவர் வேறொருவர். ஆகவே தொடக்கத்திலேயே கோச், நீங்கள், உங்கள் மேலாளர் ஆகிய மூவரும் ஒன்றாக அமர்ந்து, எந்த இலக்குக்காக இது நடக்கிறது, எத்தனை சந்திப்புகள், எந்தத் தகவல் வெளியே போகும் என்று பேசி எழுதிக்கொள்வது நல்ல வழக்கம். சந்திப்புகள் நடந்தனவா என்பதும் ஒப்புக்கொண்ட இலக்குகள் எவை என்பதும் நிறுவனத்துக்குத் தெரியலாம். நீங்கள் பேசியது உங்களுடையது. உயிருக்கு ஆபத்து, சட்டமீறல் ஆகியவையே இதற்கு விலக்கு, அந்த விலக்குகளையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நீக்குவதற்கு முன் ஆவணமாகக் காட்டுவதற்காகவே ஓர் ஊழியரைக் கோச்சிடம் அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. அது தெரியவந்தால் கோச் அந்தப் பணியை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சான்றிதழ்கள் முக்கியமா?

இரண்டு தொழில்களிலும் பெரும்பாலான நாடுகளில் உரிமம் தேவையில்லை என்பதால், எவரும் இந்தப் பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ளலாம். அதனால் சான்றிதழ் குறைந்தபட்ச அடையாளமாக உதவுகிறது. சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் தொடக்க நிலைச் சான்றான ஏ.சி.சி.-க்கு 100 மணி நேரமும், அடுத்த நிலையான பி.சி.சி.-க்கு 500 மணி நேரமும், உச்ச நிலையான எம்.சி.சி.-க்கு 2,500 மணி நேரமும் கோச்சிங் அனுபவம் கேட்கப்படுகிறது. மேலாண்மை ஆலோசகர்களுக்குச் சி.எம்.சி. என்ற சான்று உண்டு. ஆலோசனைச் சேவைக்கான வழிகாட்டு நெறிகளை ஐ.எஸ்.ஓ. 20700 என்ற தரநிலை 2017-இல் வகுத்தது. இருந்தாலும் ஆலோசகரைப் பொறுத்தவரை, அவர் முன்பு செய்த பணியைப் பற்றி அந்த வாடிக்கையாளரிடமே கேட்டறிவதற்கு ஈடான சான்று வேறில்லை.

பயன் கிடைத்ததா என்பதை எப்படி அளப்பது?

ஆலோசனைப் பணியில் இது ஓரளவு எளிது: செலவு குறைந்ததா, காலதாமதம் குறைந்ததா, திட்டம் நடைமுறைக்கு வந்ததா என்று பார்க்கலாம். கோச்சிங்கில், உங்களைச் சுற்றி இருப்பவர்கள் கண்ணால் காணக்கூடிய ஒரு மாற்றத்தைத் தொடக்கத்திலேயே பெயர் சொல்லிக் குறித்துவைக்க வேண்டும். ‘நல்ல தலைவராக வேண்டும்’ என்பதை எவராலும் அளக்க முடியாது. ‘கூட்டங்களில் மற்றவர்கள் பேசி முடித்த பிறகே என் கருத்தைச் சொல்வேன்’ என்பதை உங்கள் குழுவினரே ஆறு மாதம் கழித்துச் சொல்லிவிடுவார்கள்.

முதல் சந்திப்பில் நான் என்ன கேட்க வேண்டும்?

ஆலோசகரிடம், இதே வகைச் சிக்கலை எங்கே கையாண்டார், அங்கே எது பலிக்கவில்லை, அறிக்கைக்குப் பிறகு செயலாக்கத்தில் உடன் இருப்பாரா, பேச வந்தவரே வேலையையும் செய்வாரா அல்லது இளையவர்களை அனுப்புவாரா என்று கேளுங்கள். கோச்சிடம், அவருடைய பயிற்சி என்ன, தம் பணியை மூத்த கோச் ஒருவரிடம் காட்டி மேற்பார்வை பெறுகிறாரா, இடையில் நிறுத்த விரும்பினால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். விலையைப் பேசும் முன் ஒரு மாதிரிச் சந்திப்பு கேட்பதிலும் தவறில்லை, அதில் யார் அதிக நேரம் பேசினார்கள் என்று கவனியுங்கள்.

இருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: “எந்த நிலையில் என்னை நீங்கள் வேறொருவரிடம் அனுப்புவீர்கள்?” தாம் அப்படி அனுப்பிய இரண்டொரு சூழல்களை, பெயர் சொல்லாமல், தயங்காமல் விவரிப்பவரிடம் மேற்கொண்டு பேசலாம். அப்படி ஒரு தேவையே தமக்கு வந்ததில்லை என்று சொல்பவரிடம் நன்றி கூறி எழுந்துவிடுங்கள்.